கருப்பு குடித்த சுருட்டு

"ஏறி நில்லுய்யா. செருப்பக் கழட்டிட்டு."

"செருப்போட நிக்கிறேனே டாக்டரு. அதையும் நாந்தான தூக்கிட்டு அலையிறேன்."

எடை மிஷினுக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. பேயாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் படி ஏறுகிறவன் மாதிரி மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினான்.

பேரையூருக்குத் தெற்கே கரிசல்காட்டு ஊர்க்காரன் அவன். மதுரையில் இந்த டீ.பி. ஆஸ்பத்திரிக்கு அவனாக வரவில்லை. கொண்டுவந்தவன் மச்சினன் மருது. காளவாசலில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். அவன் அக்காள், பேயாண்டியின் பெண்டாட்டி அன்னக்கொடி கதவோரம் நின்று, முந்தானையைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

"முப்பத்தெட்டு கிலோ சார்" என்றாள் நர்ஸ்.

மருது தலையில் கை வைத்தான். "மாமா, ஒரு யூரியா மூட்டையே அம்பது கிலோ. ஒங்கள ஒத்தக் கையில தூக்கி கேரியர்ல வச்சுக் கட்டிருவேன் போலருக்கே."

"மூட்டைக்கு மீசை இருக்கா மாப்ள? எனக்கு இருக்கு. எறங்கவா டாக்டரு?"

"எறங்கு. எறங்கி இப்பிடி உக்காரு." டாக்டர் நல்ல பருமன். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் நடுவே பிதுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பீடியா, சுருட்டா?"

"பீடிதான். சுருட்டு நான் குடிக்கிறதில்ல."

"பின்ன இந்த விரல்ல கறை?"

"அது கருப்பு குடிக்கிறது."

"யாரு கருப்பு? ஒன் தம்பியா?"

அன்னக்கொடி கதவோரத்திலிருந்தே பதில் சொன்னாள். "எங்க கொலசாமிங்க டாக்டரு. கோட்டைக் கருப்பு. இவுக மேலதான் எறங்கும். வெள்ளிக்கெழமைன்னா இவுக சாமியாடிக் குறி சொல்லுவாக. அந்த நேரத்துல சாமி சுருட்டுக் கேக்கும்."

"கேட்டு?"

"குடுப்போம். குடிக்கும்."

"யாரு வாயில குடிக்கும்?"

"வாயி என்னோடது" என்றான் பேயாண்டி பொறுமையாக, படிக்காதவனுக்குப் பாடம் சொல்கிற குரலில். "குடிக்கிறது அது."

"நெஞ்சு?"

"அந்த நேரத்துக்கு அதுவும் அதோடதுதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒங்கப்பா இருக்காரா?"

"இல்ல. சாமி கூப்புட்டுக்கிருச்சு. அவரும் சாமியாடிதான்."

"அவருக்குப் பெறகு?"

"எங்கண்ணன் ஆடுனான். அவனையும் கூப்புட்டுக்கிருச்சு."

"ரெண்டு பேரையும் எப்பிடிக் கூப்புட்டுச்சு? இருமலா?"

பேயாண்டி மருதுவைப் பார்த்தான். மருது கூரையைப் பார்த்தான். "சாமியாடுறவுக எல்லாருமே இருமுவாக டாக்டரு. சாமி ஏறி எறங்குற ஒடம்புல்ல. ரோட்டுல லாரி போயிப் போயிக் குழி விழுகுதுல்ல, அது மாதிரி."

"லாரி இல்லய்யா, பூச்சி. ஒனக்கு வந்திருக்கிற அதே காசந்தான் அவுகளுக்கும் வந்திருக்கும்." டாக்டர் முன்னால் சாய்ந்தார். "இந்தா பாரு. இப்ப மருந்து இருக்கு. ஊசியும் மாத்திரையும் விடாமப் போட்டா பொழைக்கலாம். ஆனா என் வார்டுல நான் பாத்துக்கிட்டிருக்கேன். ஒடம்புல எடை இல்லாதவன், அதுக்கு மேல பொகையும் விடுறவன், இவனுக கட்டில்தான் மொதல்ல காலியாகுது. மருந்து உள்ள போயி வேலை பாக்கணும்னா, உள்ள கொஞ்சமாச்சும் ஆளு இருக்கணும்."

"நீங்களும் குடிக்கிறீகளே. சட்டைப் பையில பாக்கெட்டு தெரியுது."

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் பாக்கெட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு வயிற்றைத் தட்டிக் காட்டினார். "நான் தொண்ணூறு கிலோ. எனக்கு வேற சாவு எழுதி வச்சிருக்கு. ஒன்னோடது எனக்கு வேணாம், என்னோடது ஒனக்கு வேணாம். தின்னு. முட்டை, கடலை, கறி, எது கெடைக்குதோ தின்னு. பட்டினி கெடக்காத. பீடியோ சுருட்டோ, நீ குடிச்சாலும் சரி, ஒன் கருப்பு குடிச்சாலும் சரி, கூடாது."

பஸ்ஸில் பேயாண்டி ஊர் வரும்வரை முனகிக்கொண்டே வந்தான்.

"பீடிய விடச் சொன்னாரு. சரி, விட்டுர்றேன். ஆஸ்பத்திரி வெசயம், அவரு சொன்னா கேக்கணும். சாமி வெசயத்துல அவருக்கு என்ன தெரியும்? அவருக்கு எந்தச் சாமி எறங்கும்? அந்த ஒடம்புல எறங்குனா ஏற முடியுமா?"

"ஏங்க, மெதுவா. முன்சீட்டுல ஆள் திரும்பிப் பாக்குறாக."

"பாக்கட்டும்."

சொன்னபடி பீடியை விட்டான். லேசான காரியமாக இல்லை. காலையில் எழுந்ததும் கை தானாக இடுப்புக்குப் போகும். அங்கே ஒன்றும் இராது. கையைப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் உட்கார்ந்திருப்பான். பிறகு அன்னக்கொடியைத் திட்டுவான். அவள் அதற்கென்றே வறுத்த கடலையை மடியில் கட்டி வைத்திருப்பாள். அவன் திட்ட வாயைத் திறக்கும்போது அள்ளிக் கையில் கொட்டிவிடுவாள். திட்டும் கடலையும் சேர்ந்து உள்ளே போகும்.

ஊசி பேரையூர் ஆஸ்பத்திரியில். அதில் அவனுக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. "ஊரே கால்ல விழுந்து கும்புடுற ஒடம்பு. அந்த நர்சு, திரும்பிப் படு, வேட்டியத் தூக்குன்றா. கருப்பு பொறுத்துக்கிட்டிருக்கு."

"கருப்புக்கு என்ன, குத்துறது ஒங்க குண்டியில" என்பாள் அன்னக்கொடி.

கார்த்திகை போய், மார்கழி போய், தை வந்தபோது அவன் கன்னத்தில் கொஞ்சம் சதை ஒட்டியிருந்தது. சட்டைப் பொத்தான்கள் மறுபடி ஒரு ஆளின் மேல் பூட்டியது போல இருந்தன. ஆனால் இருமல் மட்டும் ஒரு கணக்கில் வந்தது. திங்கள், செவ்வாயில் அடங்கிக் கிடக்கும். வியாழக்கிழமை ராத்திரி நன்றாகத் தூங்குவான். சனிக்கிழமை விடிந்தால் வீட்டுக் கூரை ஓடு அதிர இருமுவான்.

தை மாதக் கடைசிச் சனிக்கிழமை துப்பியபோது, அதற்கென்று முற்றத்தில் கொட்டியிருந்த சாம்பல் மேல் சிவப்பு தெரிந்தது.

அன்னக்கொடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளும் ஊரோடு சேர்ந்து நம்பியவள்தான். வெள்ளிக்கிழமை குடிப்பது சாமி. புருஷனிடம் அன்று ராத்திரி வரும் புகைநாற்றம்கூட விபூதி வாசனை மாதிரி ஒன்று என்றுதான் நினைத்திருந்தாள்.

"ஏங்க."

"ம்."

"நேத்து சுருட்டுக் குடிச்சது யாரு?"

"கருப்பு."

"கருப்பு குடிச்ச சுருட்டுக்கு நீங்க எதுக்கு இருமுறீக?"

பேயாண்டி வாயைத் துடைத்துக்கொண்டான். யோசித்தான். "மலையேறுற அவசரத்துல கொஞ்சம் பொகைய உள்ளயே விட்டுட்டுப் போயிருக்கும்."

"அடுத்த வெள்ளி வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

"சாமிய நக்கல் பண்ணாதடி!"

"நான் பண்ணல. சாம்பலப் பாருங்க, அதுதான் பண்ணுது."

அவன் பார்க்கவில்லை. காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு எழுந்து போய்விட்டான்.

பங்குனிப் பொங்கலுக்கு நாள் குறித்ததும் நல்லகாமன் வந்தார். பேயாண்டிக்குப் பெரியப்பா முறை, கோயில் பூசாரி. கருப்பை உடுக்கடித்து இறக்குவதும் அவர்தான், விபூதி போட்டு மலையேற்றி அனுப்புவதும் அவர்தான்.

"மருமகளே, வர்ற செவ்வாக்கெழம காப்புக் கட்டணும். சட்டி பானையெல்லாம் கழுவிப் போடு. பொங்கல் வரைக்கும் ஒரு நேரம் பச்சரிசிக் கஞ்சி. வேற பச்சைத் தண்ணி பல்லுல படக் கூடாது."

"மாமா, இவுகளுக்கு ஊசி போட்டுக்கிட்டிருக்கு. பட்டினி போடக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிருக்காரு."

"இது பட்டினி இல்ல ஆத்தா, விரதம்."

"வகுத்துக்குத் தெரியுமா மாமா, எது எதுன்னு?"

நல்லகாமன் அவளை விட்டுவிட்டுப் பேயாண்டியிடம் திரும்பினார். "அருவா மேல நிக்கணும்டா. ரெண்டு பேரு தோளு மேல அருவாளப் பிடிக்க, அதுல ஏறி நின்னு கருப்பு வாக்குச் சொல்லணும். ஒடம்பு பூ மாதிரி இருந்தாத்தான் நிக்க முடியும். ஒங்கப்பன் நின்னான் பாரு, இருக்கானா இல்லையான்னே தெரியாது. ஒங்கண்ணன் அதுக்கும் மேல."

"ரெண்டு பேரும் இப்ப படத்துல நிக்கிறாக" என்றாள் அன்னக்கொடி.

"சரி, வேணாம். ஒங்களுக்கு இஷ்டமில்லன்னா சொல்லிருங்க. சின்னச்சாமியும் பங்காளிதான். அவனுக்குக் காப்பக் கட்டிருவோம். பரிவட்டம் அவன் வீட்டுக்குப் போகட்டும், மொதல் மரியாதையும் போகட்டும்."

"யாருய்யா சொன்னா வேணாம்னு?" பேயாண்டி எழுந்தே நின்றுவிட்டான். "நாந்தான் கட்டுவேன். எங்கப்பன் கட்டுன காப்பு, எங்கண்ணன் கட்டுன காப்பு. சின்னச்சாமிக்கு நேராக் கும்புடக்கூடத் தெரியாது. அவன் மேல கருப்பு எறங்குனா வழி தெரியாமத் திண்டுக்கல் போயிரும்."

"ஏங்க, நான் சொல்றதக் கேளுங்க..."

"செத்தாலும் அருவா மேல செத்தாப் பேரு இருக்கும்டி! கட்டில்ல கெடந்து செத்தா என்னடி இருக்கும்?"

நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவருக்குக் காரியம் முடிந்துவிட்டது.

ஒச்சாயி பக்கத்து வீடு. பேயாண்டியின் அண்ணன் பெண்டாட்டி. புருஷன் போனபிறகு இரண்டு எருமையையும் வாயையும் வைத்துப் பிழைக்கிறவள். வாயில் எந்நேரமும் புகையிலை அடக்கியிருப்பாள். அன்னக்கொடி போனபோது எருமைக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, மூஞ்சி இடிஞ்ச செவரு மாதிரி இருக்கு?"

"காப்புக் கட்டப் போறாகளாம் அக்கா. சொன்னாக் கேக்க மாட்டேன்றாக."

"எப்பிடிக் கேப்பான்? அவுங்கண்ணன் கேட்டாரா?" ஒச்சாயி புகையிலையைத் துப்பினாள்.

"நீ வேற அக்கா, இதத் துப்பேன் மொதல்ல. அந்த டாக்டரு பாத்தா ஒன்னையும் மிஷின்ல ஏத்துவாரு."

"நான் பொகையா விடுறேன்? மென்னு துப்புறேன்" என்றாள். பிறகு எருமையின் முதுகில் கை வைத்தபடி நின்றாள். அடுத்து வந்த குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஒங்க பெரிய மச்சான் காப்பு அவுத்துட்டு வந்தாருல்ல. மறுநா குளிப்பாட்டத் தூக்குறேன். கனமா இருப்பாருன்னு நெனச்சு ரெண்டு கையையும் குடுத்து மூச்சப் பிடிச்சுத் தூக்குனேன் புள்ள. வெறுங்கொடத்தத் தூக்குற மாதிரி மேல வந்துட்டாரு. பின்னால சாயப் போயிட்டேன். ஊர்ல எல்லாரும், பாத்தியா கருப்பு எம்புட்டு லேசாக்கி வச்சிருக்குன்னாக. ஆனி பொறக்கல, போயிட்டாரு. பாடையத் தூக்குனவன்லாம் என்ன சொன்னான் தெரியுமா? கனமே இல்லன்னான். சாமி கடாட்சம்னான்."

எருமை தொட்டியில் மூக்கை விட்டு உறிஞ்சியது.

"நான் என்ன செய்ய அக்கா? சொல்லிப் பாத்தேன், அழுது பாத்தேன்."

"புருசன்கிட்டப் பேசி எவடி ஜெயிச்சா? சாமிகிட்டப் பேசு."

"சாமிகிட்டயா?"

"ஆமா. வெள்ளிக்கெழம எறங்கும்ல? நாலு பேருக்கு முன்னால கேளு. சாமி ஒரு வாக்குச் சொல்லிருச்சுன்னா சொன்னதுதான். மலையேறுன பெறகு ஒன் புருசன் என்ன சொல்லுவான்? எனக்கு ஒண்ணும் தெரியாது, சாமி என்ன சொல்லுச்சோன்னு கேப்பான். அப்பிடித்தான கேக்கணும்? இல்ல, நான் அப்பிடிச் சொல்லலைன்னு சொன்னான்னா, அப்ப குடிச்சது யாருன்னு ஆயிரும்ல?"

அன்னக்கொடி அவளையே பார்த்தாள். "அக்கா, நீ இம்புட்டு நாளும் இத எங்க வச்சிருந்த?"

"எனக்கு அன்னைக்கு ஒரு ஒச்சாயி பக்கத்து வீட்டுல இல்லடி."

வெள்ளிக்கிழமை வெயில் சாய்ந்ததும் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. வழக்கத்தைவிட அதிகம். காப்புக்கு முந்தின வெள்ளி என்பதால் மருதுவும் மதுரையிலிருந்து வந்திருந்தான். நல்லகாமன் உடுக்கை எடுத்து அடிக்க அடிக்க, பேயாண்டியின் தோள் முதலில் குலுங்கியது, பிறகு தலை சுழன்றது, பிறகு முழு உடம்பும் துள்ளி எழுந்தது.

"ஏஏஏய்! வந்துட்டேன்டா!"

பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி காணாமல்போன வெள்ளாட்டைக் கேட்டாள். கிழக்கே கிடக்கிறது என்று வாக்கு வந்தது. ஒருவன் மகளுக்கு வரன் கேட்டான். அதுவும் கிழக்கே என்று வந்தது.

"சுருட்டக் கொண்டாடா!"

நல்லகாமன் சுருட்டைப் பற்றவைத்து நீட்டினார். அன்னக்கொடி குறுக்கே வந்து நின்றாள்.

"இருங்க மாமா. நான் ஒண்ணு கேக்கணும்."

"என்னடி கேக்கப் போற?" சாமி அருவாளை ஓங்கிக் குதித்தது.

"சாமி, நீ கருப்புதான?"

உடுக்குச் சத்தம் பொட்டென்று நின்றது.

"என்னடி கேட்ட!"

"இல்ல சாமி, எங்க வீட்டுல இதே குரல்ல ஒருத்தரு சோறு கேப்பாரு. அதான் ஒரு சந்தேகம்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமிச் சமாளித்தார்கள்.

"நான் கோட்டைக் கருப்புடி! எதிரி குலை நடுங்கக் காத்து நிக்கிற கருப்புடி!"

"அப்பச் சரி. கருப்பு குடிக்கிற பொகை, கருப்புக்குத்தான போகும்? இந்த மனுசன் நெஞ்சுக்குப் போகாதுல்ல?"

"போகாது!"

"நல்லது. நீ தாராளமாக் குடி. இந்தா, ஒரு கட்டே வாங்கி வச்சிருக்கேன். ஆனா குடிச்சு முடிக்கிற வரைக்கும் இருமல் வரக் கூடாது. வந்துச்சுன்னா, உள்ள இருக்கிறது கருப்பு இல்ல, என் புருசன்னு அர்த்தம். ஊரை ஏமாத்துற அந்த ஆளுக்கு நான் வெளக்கமாத்தால பதில் சொல்லிக்கிறேன்."

"ஏய் அன்னக்கொடி! சாமி குத்தம்டி!" நல்லகாமன் பதறினார்.

ஒச்சாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "என்ன குத்தம்? கருப்புக்கு இருமல் வருமா? நீரே சொல்லும். இம்புட்டு வருசமா உடுக்கடிக்கிறீரு, எந்தக் கோயில்லயாவது கருப்பு இருமிக் கேட்டிருக்கீரா?"

கூட்டம் யோசித்தது. "அதானே" என்றது ஒரு குரல். "ஞாயந்தான்" என்றது இன்னொன்று.

சாமிக்கு வேறு வழி இல்லை. சுருட்டை வாங்கியது. ஓர் இழுப்பு இழுத்தது. எல்லோரும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தார்கள். விலா எலும்பு உப்பி நின்றது. புகை மெதுவாக வெளியே வந்தது.

"வரல" என்றான் ஒருவன்.

இரண்டாவது இழுப்பு. கழுத்து நரம்பு கயிறு மாதிரி எழுந்தது. கண் பிதுங்கியது. அருவாள் பிடித்த கை ஆடியது. அந்த ஆட்டத்துக்கு உடுக்கு தேவைப்படவில்லை.

"வருது, வருது."

"இல்லடா, அமுக்குது."

"மாமா..." என்று ஆரம்பித்த மருது நாக்கைக் கடித்துக்கொண்டான். "சாமி, பாத்து."

மூன்றாவது இழுப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சாமி சுருட்டைத் தூர வீசியது. அது போய் நல்லகாமன் காலடியில் விழுந்தது.

"எவன்டா குடுத்தான் இத! சுருட்டாடா இது? காஞ்ச சாணிய உருட்டிக் குடுக்குறியா எனக்கு!"

"எப்பவும் வாங்குற கடைதான் சாமி..."

"வேணாம்! எனக்கு வேணாம்!"

"வேற கடையில வாங்கியாரச் சொல்லவா சாமி?" அன்னக்கொடி பணிவாகக் கேட்டாள்.

"வேணாம்!"

"அடுத்த வெள்ளிக்கு?"

"வேணாம்!"

"பங்குனிப் பொங்கலுக்குப் படையல்ல வைப்பாகளே?"

சாமியின் தொண்டைக்குள் ஏதோ கொதிக்கும் உலை மாதிரி சத்தம் போட்டது. "எப்பவும் வேணாம்டி! எவனும் சுருட்டோட என் முன்னால வரக் கூடாது!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒச்சாயி சேலைக்குள்ளிருந்து சின்னப் பனையோலைக் கொட்டானை எடுத்து நீட்டினாள். உரித்த முட்டைகள், வெள்ளை வெளேரென்று.

"சுருட்டுக்குப் பதிலா இத ஏத்துக்க சாமி. வாயக் கட்டிப் போட்டோம்னு ஒனக்குக் கோவம் வந்துறக் கூடாது."

"முட்டையா?" நல்லகாமன் அலறினார். "கருப்பு முட்டை திங்குமாடி?"

"தோலு, கொம்பு போக முழுக் கெடாயத் திங்கிற சாமி. முட்டை தொண்டையில சிக்கிக்கிருமா?"

சாமி முட்டையைப் பார்த்தது. வாயில் ஏதாவது இருந்தால் இருமல் கொஞ்சம் பின்வாங்கும் என்று அதற்கும் தெரிந்திருக்க வேண்டும். எடுத்துப் போட்டது. இன்னொன்று. அடுத்தது.

"இன்னும் ஒண்ணு கேக்கணும் சாமி. காப்புக் கட்டி, இந்த ஒடம்பப் பட்டினி போடுறாகளே, அது ஒன் உத்தரவா, இவுக உத்தரவா?"

சாமி மென்றது. மெல்வது மெதுவானது. கூட்டத்தைப் பார்த்தது. பிறகு கொட்டானைப் பிடித்து நின்ற ஒச்சாயியின் வெறும் கழுத்தைப் பார்த்தது. அருவாள் தாழ்ந்தது.

"நான் ஏறி வர்ற குதிரையப் பட்டினி போட்டவன் எவன்டா?"

நல்லகாமன் ஒரு அடி பின்னால் போனார்.

"அப்பனை லேசாக்குனீக. சரின்னு இருந்தேன். அண்ணனை லேசாக்குனீக. தூக்கிட்டுப் போகையில கனமே இல்லன்னீகளேடா. கனமே இல்லன்னு சிரிச்சீகளேடா. பாடைக்கு முன்னால நடந்த எம் பின்னாலயே சொன்னீகளேடா!"

அதைச் சொன்னது கருப்பா, பேயாண்டியா என்று யாரும் கேட்கவில்லை. அன்னக்கொடியும் கேட்கவில்லை. ஒச்சாயி கொட்டானை ஏந்திய கையோடு அப்படியே நின்றாள்.

"இனிமே காப்புக் கட்டுனா என் குதிரைக்கு மூணு வேளை சோறு. கறியோட. முட்டையோட. கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சாமி" என்றது ஊர்.

அதைச் சொல்லி முடிக்கத்தான் அடக்கி வைத்திருந்தது போல, சாமியின் நெஞ்சு மேலே எக்கியது. அன்னக்கொடி அதைப் பார்த்துவிட்டாள். விபூதித் தட்டில் ஒரு பிடி அள்ளி அவன் தலையில் அடித்தாள்.

"சாமி மலையேறிருச்சு! மலையேறிருச்சு! எல்லாரும் வெலகுங்க!"

பேயாண்டி அவள் தோளில் சரிந்து விழுந்து, குடல் வெளியே வருவது போல இருமினான். ஆனால் அந்த இருமல் இப்போது ஒரு சம்சாரியின் இருமல். அதில் யாரும் குற்றம் காண முடியாது.

தண்ணீர் குடித்துத் தெளிந்ததும், வழக்கப்படி கேட்டான். "சாமி என்ன சொல்லுச்சு?"

சொல்ல ஆள் போட்டி போட்டது. சுருட்டு கூடாதாம். படையலுக்கும் கூடாதாம். மூன்று வேளைச் சோறாம். கறியாம். முட்டையாம். பேயாண்டி ஒவ்வொன்றுக்கும் "அப்பிடியா, அப்பிடியா" என்றான். சுருட்டு என்ற இடத்தில் மட்டும் அந்த "அப்பிடியா" அழுகை மாதிரி வந்தது. அன்னக்கொடியைப் பார்த்த பார்வையில், வீட்டுக்கு வா என்று இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தும் அவனால் ஒன்றும் பேச முடியவில்லை. எதைப் பேசினாலும் எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும்.

செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினார்கள். ஊர்க் கோழிகளுக்குச் சனி பிடித்தது. கருப்பின் குதிரைக்குத் தீனி என்று ஆள் மாற்றி ஆள் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருத்தி ஈரல் வறுத்துக் கொண்டுவருவாள், ஒருத்தி எள்ளுருண்டை. ஊசி போட அவன் பேரையூர் போகும்போது காப்புக் கையோடு போவான். அதைப் பார்த்த நர்ஸ், சாமிக்கு எந்தப் பக்கம் போடட்டும் என்று கேட்டாளாம். அன்னக்கொடியிடம் வந்து புகார் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பொங்கலன்று உச்சி வெயிலில் கருப்பு இறங்கியது. அருவாளின் ஒரு முனையை மருதுவும், மறுமுனையைச் சின்னச்சாமியும் தோளில் வைத்துப் பிடித்தார்கள். சாமி ஏறியது.

"எக்கா!" என்றான் மருது.

"சத்தம் போடாதடா, நேராப் பிடி" என்றார் நல்லகாமன்.

"நேராத்தான் பிடிக்கிறேன். போன வாரம் மிஷின்ல நாப்பத்தஞ்சு காட்டுச்சு. இப்ப அதுக்கு மேலயும் ஏறியிருக்கு. ஏய் சின்னச்சாமி, ஒன் பக்கம் தூக்குடா."

"என் தோளு எறங்கிப் போச்சுய்யா" என்றான் சின்னச்சாமி. காப்பு தனக்கு வராமல் போனதில் இருந்த வருத்தத்தைவிட இந்த வருத்தம் பெரியதாக இருந்தது. "சாமி, சுருக்கா வாக்கச் சொல்லு சாமி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

கருப்பு சுருக்கமாகச் சொல்லவில்லை. மழையைப் பற்றிச் சொன்னது, பருத்தி விலையைப் பற்றிச் சொன்னது, நல்லகாமனின் மருமகன் நடத்தையைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொன்னது. பழக்கதோஷத்தில் யாரோ ஒரு வெளியூர்க்காரன் சுருட்டை நீட்ட, சாமி அதை வாங்கி முகர்ந்து பார்த்தது. கொஞ்ச நேரம் மூக்குக்கடியிலேயே பிடித்திருந்தது. பிறகு விட்டெறிந்தது. அன்னக்கொடி அப்போதுதான் கூப்பிய கையை இறக்கினாள்.

சாமி இறங்கியதும் மருது அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"என் காலத்துல கருப்பு காத்து மாதிரி நிக்கும்" என்றார் நல்லகாமன், பரிவட்டத் துணியை மடித்துக்கொண்டே.

"காத்தாத்தான் போயிட்டாக" என்றாள் ஒச்சாயி.

நல்லகாமன் துணியைப் பேயாண்டியின் தலையில் கட்டிவிட்டார்.

வேப்பமரத்தடியில் சமையல் இறக்கி, ஆட்கள் பந்தியில் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். பேயாண்டி மரத்தில் சாய்ந்து வியர்வையைத் துடைத்தான். மூச்சு வாங்கியது. ஆனால் இருமல் வரவில்லை. அன்னக்கொடி பக்கத்தில் வந்து விசிறினாள்.

"சாமி என்ன சொல்லுச்சு?" என்றான் வழக்கப்படி.

"மழை உண்டுன்னு சொல்லுச்சு."

"ம்."

"பருத்தி இந்தத் தடவை ஏறும்னு சொல்லுச்சு."

"ம்."

"அடுத்த பங்குனிக்கும், அதுக்கு அடுத்த பங்குனிக்கும், எனக்கு இதே குதிரைதான் வேணும். வேற குதிரையில ஏற மாட்டேன்னு சொல்லுச்சு."

பேயாண்டி நிமிர்ந்தான். "அது சொல்லலையே."

விசிறி நின்றது. தோளைத் தேய்த்துக்கொண்டிருந்த மருதுவின் கையும் நின்றது.

"சொல்லலையா?" என்றாள் அன்னக்கொடி. "சொல்லலைன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் அவளைப் பார்த்தான். மச்சினனைப் பார்த்தான். அண்ணி சோற்றுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே வருவதையும் பார்த்தான்.

"சொல்லியிருக்கும், சொல்லியிருக்கும்" என்றான். "எலையப் போடு. பசிக்குது."

"நாளைக்கு ஊசிக்குப் போகணும், ஞாபகம் இருக்கா?"

"போவோம். மொதல்ல சோத்தப் போடுடி."

"எம்புட்டு கொழுந்தனே?" என்றாள் ஒச்சாயி, அகப்பையை ஓங்கிக்கொண்டு.

"போடுங்க மதினி. நிறுத்தச் சொல்றப்ப நிறுத்துங்க."